உதைக்காத துப்பாக்கி

அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் திடீரென்று பெண்டாட்டி மேல் பாசம் பொங்கிவிடும். கடையின் பின்பக்கம் வந்து நின்று, காது சிவக்க, "என் வீட்டுக்காரிக்கு ஒரு துப்பாக்கி பாக்கணும், ரொம்ப உதைக்காததா" என்பார்கள். அந்த வீட்டுக்காரிகளை எனக்குத் தெரியாதா? ஒருத்திக்குக் கோழி அறுப்பதைப் பார்த்தாலே மயக்கம் வரும். இன்னொருத்தி புருஷனை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். "அவங்களுக்குத் தோள் எவ்வளவு அகலம் இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, எதிரில் நிற்கிறவன் தோளைப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். ஊரில் பாதிப் பேர் பெண்டாட்டி துப்பாக்கியால்தான் மான் சுடுகிறார்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. சுடும்போது கட்டை பின்னால் வந்து தோளில் இடிக்கிற அந்த உதைக்குப் பயந்தவன் விசையை அழுத்தும் நொடியில் தன்னை அறியாமல் கண்ணை மூடித் தோளைச் சுருக்குவான். குண்டு நெஞ்சுக்குப் போகாமல் மானின் வயிற்றில் போகும். அந்த மான் காட்டுக்குள் எங்கேயோ கிடந்து ஒரு பகலும் ஓர் இரவும் சாகும். அதற்குப் பெண்டாட்டி பெயரைச் சொல்லிப் பொய் சொல்வது எவ்வளவோ மேல்.

என் பெயர் டார்லீன் கங்காஸ். சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, ஒரே ஒரு சிக்னல் விளக்கு உள்ள ஊரில், ஒரு ஹார்டுவேர் கடையில் இருபத்தாறு வருஷமாக வேலை. முன்பக்கம் ஆணி, பெயிண்ட், பனி வாரும் மண்வெட்டி. பின்பக்கம் துப்பாக்கிகள். அங்கே முதலாளிகூட என்னைக் கேட்டுத்தான் பேசுவார். எந்தத் துப்பாக்கி எவ்வளவு உதைக்கும் என்று எண் போட்ட அட்டவணை ஒன்றைக் கண்ணாடிக்கு அடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். பார்க்காமலே ஒப்பிப்பேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இருந்தது.

போன மார்ச்சில் என் புருஷன் ஆர்வோ, விறகுக் கொட்டகை வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தவன், அப்படியே மடிந்து விழுந்தான். அறுபத்தெட்டு வயது. நாற்பது வருஷம் மரம் ஏற்றும் லாரி ஓட்டிய உடம்பு. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குத் தகவல் போகவில்லை, பேஸ்மேக்கர் வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். நர்ஸ் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வலது கைப் பழக்கமா, இடது கைப் பழக்கமா?"

"வலது" என்றான் ஆர்வோ.

பொய் இல்லை. எழுதுவது, தின்பது, கோடாலி பிடிப்பது எல்லாம் வலது கைதான். துப்பாக்கியை மட்டும் இடது தோளில் வைப்பான். பத்தொன்பது வயதில் மர அறுவை ஆலையில் ஒரு சிராய் தெறித்து வலது கண் பாதி போய்விட்டது. குறி பார்ப்பது இடது கண்ணால்தான். அந்த நர்ஸ் கேட்டபோது நானும் அதே அறையில், கையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தன் துப்பாக்கியை எந்தத் தோளில் வைப்பான் என்று பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள். வாயைத் திறக்கவில்லை. அந்த நிமிஷத்தை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வலது கைக்காரன் என்பதால் இடது காறை எலும்புக்குக் கீழே வைத்துத் தைத்துவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தையல் காட்டப் போனபோது ஆர்வோ டாக்டரம்மாவிடம், "துப்பாக்கி எப்போலேருந்து எடுக்கலாம்?" என்று கேட்டான். சின்ன வயதுப் பெண், கெட்டிக்காரி. "எந்தத் தோள்ல வெப்பீங்க?" என்றாள். அவன் உள்ளங்கையை அந்தப் புடைப்பின் மேல் வைத்தான். அவள் முகம் மாறிவிட்டது.

"அதுக்குக் கீழதான் ஒயர் போகுது, மிஸ்டர் கங்காஸ். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல. துப்பாக்கிக் கட்டை வந்து இடிச்சா அந்த ஒயர் நைஞ்சு போயிடும்."

"போனா?"

"உங்க இதயம் இப்போ சொந்தமா அடிக்கறதில்ல. ஒயர் அறுந்தா பத்து செகண்டுல மயக்கம். அப்புறம் சொல்றதுக்கில்ல."

வலது பக்கம் மாற்றி வைக்க முடியாதா என்று நான் கேட்டேன். சதையோடு ஒட்டிப்போன ஒயரைப் பிடுங்குவது இன்னும் ஆபத்து, வேட்டைக்காக அதைச் செய்யச் சொல்லி யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள் என்றாள். ஊர் திரும்ப அறுபது மைல். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோதுதான் ஆர்வோ, "அப்புறம் எதுக்குடீ இதை வெச்சாங்க?" என்றான்.

அந்தக் கோடை எப்படிப் போயிற்று என்று எனக்குத்தான் தெரியும். வைத்ததைத் தின்றான், சொன்னபோது படுத்தான். ஆவிக் குளியலுக்குச் சானா அறையை மூட்டி வைத்தால்கூட உள்ளே போகமாட்டான். அவன் தம்பி ரூடி, காட்டுக்குள் கேம்ப் குடிசைக்குக் கூரை மாற்றணும் வா என்று வந்து நின்றால், டிவி சத்தத்தைக் கூட்டுவான். நாற்பத்தைந்து வருஷமாக நவம்பர் பதினைந்தாம் தேதி, மான் வேட்டைப் பருவம் திறக்கும் காலையில், அண்ணனும் தம்பியும் அந்தக் குடிசையில்தான் இருப்பார்கள். எங்கள் கல்யாணத் தேதியையே அதற்கு இடைஞ்சல் இல்லாமல்தான் குறித்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு நாள் அவன் கராஜில், ஓடாத லாரிக்குள், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கதவைத் திறந்தேன்.

"இங்க என்ன பண்றே?"

"நவம்பர் பதினஞ்சு அன்னிக்கு நான் வீட்ல உக்காந்திருந்தேன்னா, டார்லீன், டிசம்பருக்கு நான் இருக்க மாட்டேன்."

பெரிய பேச்சு பேசுகிற ஆள் இல்லை அவன். தலைவலி என்று சொல்லவே மூன்று நாள் எடுத்துக்கொள்வான். அதனாலேயே அந்த வார்த்தையை நான் அப்படியே நம்பினேன். வேட்டைக்குப் போனால் ஒயர், போகாவிட்டால் இவன். இரண்டில் எது முதலில் அறும் என்பதுதான் அப்புறம் என் கவலையாக இருந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். பாவம், பொறுத்துக்கொண்டாள். "சுடாதீங்கன்னுதான் நான் சொல்வேன், எழுதியும் குடுப்பேன். அவர் கேக்கவே மாட்டார்னா, உதை ரொம்ப லேசானது, குண்டும் ரொம்பக் கொஞ்சமா. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்" என்றாள்.

லேசானது. அது என் வேலை அல்லவா? எனக்கு உயிரே வந்தது.

ஆர்வோவின் பழைய துப்பாக்கி முப்பது-நாட்-ஆறு ரகம், என் அட்டவணைப்படி உதை இருபது. அவன் தோளில் நீலம் பூக்கும். அதைச் சொல்லிச் சிரிப்பான். ஏழு-எம்எம்-நாட்-எட்டு ரகத்துக்குப் பன்னிரண்டு வரும். ஆறரை-எம்எம் அதற்குக் கொஞ்சம் கீழே. டூ-ஃபார்ட்டி-த்ரீ ஒன்பதுதான். மான் என்ன காண்டாமிருகமா, அறுபது எழுபது கஜத்தில் நிற்கிற மானுக்கு அது தாராளமாகப் போதும். எடை கூடினால் உதை குறையும், அதனால் கனமான குழாய் உள்ளதாகப் பார்த்தேன். பின்கட்டையில் தடித்த ரப்பர் வைத்தேன். குழாய் முனையில் துளை போட்ட மூடி ஒன்று பூட்டினேன். சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் புகையெல்லாம் பக்கவாட்டில் போவதால் உதை இன்னும் பாதியாகும். கணக்குப் போட்டால் ஐந்து, ஐந்தரை.

கணக்கை நம்பாமல் நானே சுட்டுப் பார்த்தேன். காப்பியில் நனைத்துத் தின்கிற இலவங்கப்பட்டை ரஸ்க் ஒன்றை என் காறை எலும்புக்குக் கீழே, சட்டைக்குள் டேப் போட்டு ஒட்டிக்கொண்டேன். ரூடியின் சரளைக் குழியில் நின்று அதன் மேலேயே கட்டையை வைத்து மூன்று முறை சுட்டேன். எடுத்துப் பார்த்தால் ரஸ்க் விரிசல்கூட விடவில்லை. அங்கேயே நின்று அதைத் தின்றேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

வீட்டுக்குக் கொண்டு வந்து சமையல் மேஜையில் வைத்தபோது ஆர்வோ ஒரு விரலால் அதைத் தள்ளிப் பார்த்தான்.

"பொம்பளைங்க துப்பாக்கி."

"ஆமா. என் பேர்லதான் பில் போட்டிருக்கேன். யாராச்சும் கேட்டா என்னோடதுன்னு சொல்லு. ஊர்ல எல்லா ஆம்பளையும் அப்படித்தான் சொல்றான்."

ரூடி சும்மா இருப்பானா? "அண்ணா, அணில் வேட்டைக்கா கெளம்பிட்டே? மான் கிட்டப் போய்ப் பட்டுச்சான்னு கேட்டுட்டு வரணும் போலிருக்கே" என்றான்.

"வாயை மூடு ரூடி. கேம்ப்புக்கு இந்த வருஷம் என் கையால கறி அடைச்ச பாஸ்டி வேணுமா வேண்டாமா?"

"வேணும் அண்ணி."

"அப்ப மூடு."

ஆர்வோ சிரித்துவிட்டான். இலேசாகத்தான். மார்ச்சுக்கு அப்புறம் முதல் தடவை.

கண்டிஷன் போட்டேன். மூன்று குண்டு. குறி சரி பார்க்க இரண்டு, மானுக்கு ஒன்று. அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. அவன் தலையாட்டினான். அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சரளைக் குழிக்கு அழைத்துப் போய், அவன் பக்கத்திலேயே நின்றேன். முதல் குண்டு, இரண்டாவது குண்டு. இரண்டும் அட்டையில் ஒரு விரற்கடை தூரத்தில் விழுந்திருந்தன. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"இது உதைக்கவே இல்லடீ, டார்லீன்."

நான் வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். கண்ணீரை அவனுக்குக் காட்டுகிற வழக்கம் எனக்கு இல்லை.

அதற்கப்புறம் வீடு வீடாக இருந்தது. கம்பளிக் காலுறைகளை எடுத்து எண்ணினான். வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு கோட்டை வெளியில் காயப் போட்டான். கூரை வேலைக்கு ரூடியோடு போனான். நவம்பர் ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சர்ச் அடித்தளத்தில் நாங்கள் பன்னிரண்டு பொம்பளைகள் நிதிக்காக முந்நூறு பாஸ்டி சுட்டோம். சாயங்காலம் மாவும் வெங்காயமுமாக வீட்டுக்கு வந்தேன். அவன் குளித்துவிட்டு, சூப் வைத்து, எனக்காகக் காத்திருந்தான். என்னடா அதிசயம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "சட்டுனு எழுந்துட்டேன், அதான்" என்றான். வியாழக்கிழமை காப்பிக் கோப்பை கை தவறி விழுந்து உடைந்தது.

"டாக்டருக்குப் போன் பண்றேன்" என்றேன்.

"ஜனவரில போகணும்ல, அப்போ பாத்துக்கலாம். இப்போ போனா அவ என்னைக் கேம்ப்புக்கு விட மாட்டா. ரெண்டு நாள், டார்லீன். ரெண்டே நாள்."

கடைக்காரன், பாதிரியார், டாக்டர் என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் சண்டை போடுகிறவள் நான். அன்றைக்குப் போட வேண்டிய சண்டையைப் போடவில்லை. அவன் முகத்தில் இருந்த அந்த வெளிச்சத்தை அணைக்க எனக்கு மனசு வரவில்லை. பாஸ்டியைத் துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்து வெள்ளிக்கிழமை வழியனுப்பினேன்.

சனிக்கிழமை வேட்டை திறந்த நாள். கடையில் கூட்டம் நெரிந்தது. கடைசி நேரத்தில் லைசென்ஸ் வாங்க வந்த ஒருத்தனைத் திட்டிக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தேன். பதினொன்றரை மணிக்கு ரூடி உள்ளே வந்தான். ஆரஞ்சு தொப்பி கையில் இருந்தது. அவன் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை.

வேட்டைப் பரண் மேல், நாற்காலியில் சாய்ந்த வாக்கில் ஆர்வோ இருந்தானாம். துப்பாக்கி மடியில், பாதுகாப்புப் பூட்டு போட்டபடியே. ஒரு குண்டுகூடச் சுடவில்லை. முப்பது அடி தள்ளிப் பனியில் பெரிய கொம்பு மான் ஒன்றின் குளம்புத் தடம், நின்று, சாவகாசமாக நடந்து போயிருந்தது.

சவ அடக்கத்தில் ஊரே வந்து கையைப் பிடித்தது. "நல்ல சாவு, டார்லீன். எங்க இருக்கணும்னு ஆசைப்பட்டானோ அங்க போயிருக்கான்" என்றார்கள். நானும் அதை அப்படியே விழுங்கினேன். இதயம் பழசு, நின்றுவிட்டது, துப்பாக்கி ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவது குண்டு அப்படியே இருந்ததே. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பத்து நாள் படுத்து எழுந்தேன்.

பதினோராம் நாள் டாக்டரம்மா போன் செய்தாள். பேஸ்மேக்கரை எடுத்து அதில் பதிவானதைப் படித்துப் பார்த்திருக்கிறார்கள்.

"ஒயர் நைஞ்சு போயிருந்தது, மிஸஸ் கங்காஸ். பதினஞ்சாம் தேதி காலைல எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு முழுசா விட்டிருக்கு. ஆனா கோளாறு ஆரம்பிச்சது அன்னிக்கு இல்ல. ஒன்பதாம் தேதி, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல. அன்னிக்கு என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல. நான் சர்ச்சுல இருந்தேன்."

"சுட்டாரா?"

"இல்ல. மொத்தமே ரெண்டு குண்டுதான், அதுவும் அக்டோபர்ல. நான் பக்கத்துல நின்னேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு இருந்திருக்கக்கூடியவன் ரூடி ஒருத்தன்தான். போனை வைத்துவிட்டு நேரே ரூடி வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

ரூடி கொட்டகையில் மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். நான் தேதியைச் சொன்னதுமே மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"அவன் சொல்லக் கூடாதுன்னான், அண்ணி."

"எத்தனை?"

"ரெண்டு டப்பா."

ஒரு டப்பாவில் இருபது தோட்டா.

"எதுக்குடா? எதுக்கு? ரெண்டும் ஒரே எடத்துலதானே போச்சு, நான் பாத்தேனே."

"நீங்கதான் கடையில எல்லார்கிட்டயும் சொல்வீங்களாமே. புதுத் துப்பாக்கின்னா ரெண்டு டப்பா சுட்டுக் கை பழகாம மான் மேல நீட்டாதேன்னு. அதைத்தான் சொன்னான். 'புதுசுடா ரூடி, பழகாம சுட்டு வயித்துல போட்டுட்டா அந்தப் பாவம் யாருக்கு'ன்னான்."

சொல்வேன். இருபத்தாறு வருஷமாக, துப்பாக்கி வாங்குகிற ஒவ்வொருத்தனிடமும் சொல்லி அனுப்புகிற வார்த்தை அது. ஒருத்தனும் கேட்டதில்லை. என் புருஷன் கேட்டிருக்கிறான்.

ரூடி எழுந்து போய், சுவரோரம் சாத்தியிருந்த அட்டையை எடுத்து வந்தான். நடுவில் ஒரே ஓட்டை போல இருந்தது. கிட்டப் பார்த்தால்தான் பல ஓட்டைகள் ஒன்றாகக் கிழிந்திருப்பது தெரிந்தது. காப்பி டப்பா மூடியால் மூடிவிடலாம். ஆர்வோ வாழ்நாளில் அப்படிச் சுட்டதில்லை.

"அஞ்சு குண்டுக்கு ஒரு தரம் கேட்டேன் அண்ணி, சத்தியமா. வலிக்குதாண்ணா, நிறுத்திடலாமாண்ணான்னு. 'கை குலுக்கற மாதிரி இருக்குடா, நாள் பூரா சுடலாம், டார்லீன் எப்படிப் பாத்து எடுத்திருக்கா பாரு'ன்னு சிரிக்கறான். அவனை அப்படிப் பாத்து எத்தனை நாளாச்சு. எனக்கு நிறுத்தச் சொல்ல மனசு வரல." அட்டையை என் பக்கம் நீட்டினான். "நான் உங்ககிட்டச் சொல்லியிருக்கணும், இல்ல?"

அட்டையின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன்.

"பழைய துப்பாக்கியில வருஷத்துக்கு எத்தனை சுடுவான் ரூடி?"

"அதுலயா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "குறி சரியா இருக்கான்னு பாக்க, தட்டு ஒண்ணை மாட்டி ஒண்ணு. அப்புறம் மானுக்கு ஒண்ணு. அது உதைக்கற உதைக்கு மூணாவது எவன் சுடுவான்?"

அட்டையை வாங்கிக்கொண்டு வண்டிக்கு வந்து உட்கார்ந்தேன். என் அட்டவணையில் ஒரு குண்டு எவ்வளவு உதைக்கும் என்று இருக்கிறது. நாற்பத்திரண்டு குண்டு உதைத்தால் உள்ளே ஒயருக்கு எவ்வளவு என்று அதில் எந்தக் கட்டமும் இல்லை. தோளுக்குத் தெரியாதபடி நான் மழுக்கிக் கொடுத்த உதையை, ஒன்று விடாமல், அந்த ஒயர் வாங்கியிருக்கிறது. வலித்திருந்தால் அவன் இரண்டாவது குண்டோடு நிறுத்தியிருப்பான். வலிக்காததாகப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.